சுமைவழி: போடியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பழைய வழியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, போடியிலிருந்து கொட்டகுடி ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே குரங்கணி வரை செல்லும் சுமார் 15 கிலோமீட்டர் சாலை. இருபுறமும் மாந்தோப்பும் இலவ மரங்களும் நிற்க, மலை மெல்ல மெல்ல நெருங்கி வரும். இரண்டாவது, குரங்கணியில் தொடங்கும் நடைவழி. அது காப்பித் தோட்டங்களுக்கு ஊடே சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலைக் கிராமத்தைத் தொட்டு, அங்கிருந்து புல்சரிவுகளில் வளைந்து வளைந்து ஏறி, சுமார் 1,700 மீட்டர் உயரத்திலுள்ள டாப் ஸ்டேஷனில் முடிகிறது. அடிவாரம் தமிழ்நாட்டில் இருக்கிறது. உச்சி தமிழ்நாடு–கேரள எல்லையில். அங்கிருந்து மூணாறு 32 கிலோமீட்டர்.

மலையேற்றக்காரர்களின் வழியாக இது அறியப்பட்டது கடந்த சில பத்தாண்டுகளில்தான். அதற்கு முந்தைய ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதில் ஏறி இறங்கியவர்கள் பொழுதுபோக்குக்காக வந்தவர்கள் அல்லர். அரிசி மேலே ஏறியது, தேயிலை கீழே இறங்கியது, பிழைப்புத் தேடிய குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தன. தடத்தின் அகலம், சரிவு, திருப்பங்கள், தங்குமிடங்கள் எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்தச் சுமைதான்.

மலைக்கு மேலே இருந்தவர்களில் மூத்தவர்கள் முதுவர்கள். மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் திருவுருவத்தை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதாக அவர்களிடையே வழங்கும் கதை, அவர்கள் கிழக்குச் சரிவு வழியே வந்தவர்கள் என்பதை நினைவில் வைத்திருக்கிறது. குரங்கணிக்கு அருகிலுள்ள முதுவாக்குடி இன்றும் அவர்களுடைய ஊர். காட்டை வெட்டிக் கேழ்வரகு விதைத்தும், தேனும் மலைப்பொருள்களும் சேகரித்தும் வாழ்ந்த அவர்களுக்கு, உப்புக்கும் துணிக்கும் சமவெளிச் சந்தை தேவைப்பட்டது. ஏலமும் மிளகும் இறங்க, உப்பும் துணியும் புகையிலையும் ஏறும் வணிகம் கம்பம் பள்ளத்தாக்கின் எல்லா மலைவாய்களிலும் நடந்தது. தேவாரம் மேடு, போடிமெட்டு, குரங்கணி ஆகிய ஏற்றங்கள் அப்படித் தேய்ந்து உருவான தடங்கள். யானைத்தடங்களை ஒட்டியே இவற்றில் பல அமைந்தன. மலையில் மிகக் குறைந்த மூச்சிரைப்போடு ஏறத் தெரிந்த உயிர் யானை.

இந்தத் தடங்களின் தலைவிதியை மாற்றியது 1877-ஆம் ஆண்டு. அந்த ஜூலையில் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர், பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். சுமார் 227 சதுர மைல் பரப்பு. 1879-இல் இந்த நிலத்தைப் பிரித்துப் பயிரிட வடதிருவிதாங்கூர் தோட்ட விவசாயச் சங்கம் உருவானது. காப்பி, சிங்கோனா, ஏலம் என்று பலவற்றை முயன்று பார்த்த தோட்டக்காரர்கள் கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1890-களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபின்லே நிறுவனம் பல தோட்டங்களை வாங்கிச் சேர்த்தது. 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி பதிவானது.

மலை திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள் இருந்தது. ஆனால் அதன் வாசல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. இதற்குக் காரணம் நில அமைப்பு. மேற்குப் பக்கம் மலை படிப்படியாக இறங்குகிறது. அன்று அது அடர்காடும் பெருமழையும் மலேரியாவும் நிறைந்த நீண்ட தூரம். கிழக்குப் பக்கம் செங்குத்து. ஆனால் குறுகியது. ஒரே நாளில் ஏறி முடித்துவிடலாம். அதோடு கிழக்கே மதுரை–திண்டுக்கல் ரயில் பாதை 1875-லேயே வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டத்துக்கு வேண்டிய ஆட்கள் கிழக்கில்தான் இருந்தார்கள்.

குத்தகை கையெழுத்தான 1877, தமிழகத்தில் தாது வருடப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளின் கரிசல் காடுகளிலிருந்து மக்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கடல் தாண்ட வேண்டாத ஓர் இலங்கையாக உயர்மலைத் தோட்டங்கள் திறந்தன. ஆள் சேர்த்தவர் கங்காணி. சொந்த ஊருக்குப் போய், சொந்தச் சாதியிலும் உறவிலும் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து, போடி வழியே மலைக்கு நடத்திச் செல்வார். கடன் அவருக்கு, உழைப்பு தோட்டத்துக்கு. ஒவ்வோர் ஆளின் ஒவ்வொரு நாள் வேலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத தலித் குடும்பங்கள். குரங்கணி ஏற்றம் அவர்களுக்கு ஒரு மலைவழி மட்டுமல்ல. முன்பணம் தீரும் வரை அதில் திரும்பி இறங்க முடியாது. இந்த வழியைப் பற்றிய எழுத்துகளில் துரைமார்களின் குதிரைப் பயணங்களுக்குக் கிடைக்கும் இடம் இந்த மக்களின் நடைக்குக் கிடைப்பதில்லை என்பது பெரிய குறை. வழியை வழியாக வைத்திருந்தவை அவர்களின் கால்களே.

அந்த நடையின் கடுமையை வெப்பத்தை வைத்தே சொல்லலாம். போடி கடல்மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறினால் வெப்பம் ஆறு ஏழு டிகிரி இறங்கிவிடும். அதோடு உச்சியில் காற்றும் பனிமூட்டமும். பருத்தித் துணியோடு வந்த குடும்பம் அந்தியில் டாப் ஸ்டேஷனை அடையும்போது நடுங்கிக்கொண்டிருக்கும். தோட்டம் கொடுக்கும் கம்பளி அதனால்தான் அத்தனை பெரிய பொருளாயிற்று. வெயிலுக்கும் மழைக்கும் படுக்கைக்கும் குழந்தையைச் சுற்றுவதற்கும் அது ஒன்றுதான்.

ஆட்கள் ஏறிய வழியிலேயே தேயிலையும் இறங்க வேண்டியிருந்தது. தேயிலை எடை குறைந்த பொருள்தான். ஆனால் ஈரம் பட்டால் மணம் கெட்டுவிடும். அதனால் உட்புறம் ஈயத்தாள் போர்த்திய பலகைப் பெட்டிகளில் அடைக்க வேண்டும். பெட்டியைத் தலையிலோ பொதிமாட்டின் மேலோ ஏற்றி, வழுக்கும் சரிவில் மழைக்காலத்தில் இறக்குவது தோட்டங்கள் வளர வளரக் கட்டுப்படியாகவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி இதற்கு ஒரு முழு ஏற்பாட்டையே கட்டியது. மூணாற்றிலிருந்து மலை விளிம்பு வரை ஒரு ரயில். விளிம்பிலிருந்து அடிவாரம் வரை ஒரு கம்பிவடம். அடிவாரத்திலிருந்து போடி வரை மாட்டுவண்டிச் சாலை.

ரயில் 1902-இல் தொடங்கியபோது அது இன்று ரயில் என்று நாம் அறியும் பொருளே அல்ல. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே எனப்பட்ட அதில் தரையோடு ஒட்டிய ஒற்றைத் தண்டவாளம் மட்டும் இருந்தது. வண்டியின் அடியிலிருந்த சிறு சக்கரங்கள் அந்தத் தண்டவாளத்தின் மேல் ஓடி எடையில் பெரும்பகுதியைத் தாங்கின. வண்டி சாய்ந்துவிடாதபடி பக்கவாட்டில் நீட்டிய அச்சில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டது. இழுத்தவை காளைகள். யூயிங் முறை என்று இதற்குப் பெயர். சில ஆண்டுகள் கழித்து பஞ்சாபின் பட்டியாலா சமஸ்தானத்திலும் இதே முறையில் ஒரு பாதை போடப்பட்டது. தண்டவாளச் செலவு பாதியாகும், சாதாரண சாலையின் ஓரத்திலேயே போட்டுவிடலாம் என்பது இதன் கவர்ச்சி. 1908-இல் கம்பெனி அதைக் கைவிட்டு, இரண்டடி அகலத்தில் இரட்டைத் தண்டவாளம் போட்டு நீராவி எஞ்சினை ஓடவிட்டது. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, டாப் ஸ்டேஷன் என்று நிலையங்கள் அமைந்தன. இன்றைய டாப் ஸ்டேஷன் ஊர் அந்தக் கடைசி நிலையத்தைச் சுற்றி எழுந்ததுதான்.

டாப் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கிய பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி, சுமார் 5 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து கொட்டகுடியிலிருந்த கீழ் நிலையத்துக்கு வந்தன. இடையில் ஒரு நடு நிலையம். அதுவே சென்ட்ரல் ஸ்டேஷன். கம்பிவடத்தை நேர்கோட்டில் இழுக்க வேண்டும். சரிவில் குறுக்கிடும் மேடுகளைத் தாண்ட ஆங்காங்கே தூண்கள் நிறுத்த வேண்டும். எனவே தூண் வரிசையை ஒட்டிக் கட்டுமானப் பொருள் ஏற்றவும், பழுது பார்க்கவும், கம்பியில் சிக்கிய பெட்டியை விடுவிக்கவும் நடைவழி ஒழுங்காக இருந்தாக வேண்டும். தேயிலை ஆகாயத்தில் போன பிறகும் தரையில் தடம் அழியாமல் இருந்ததற்கு இதுவே காரணம். இறங்கும் பெட்டிகளின் மறுபக்கமாக மேலே ஏறியது பெரும்பாலும் அரிசி. தேயிலை மட்டுமே விளைந்த மலையில் ஆயிரக்கணக்கானோருக்கு ஒவ்வொரு வேளைச் சோறும் சமவெளியிலிருந்து போக வேண்டியிருந்தது.

கீழ் நிலையத்திலிருந்து போடிக்கு மாட்டுவண்டிகள் வரிசையாகப் போகும். இன்றைய போடி–குரங்கணிச் சாலை அந்த வண்டித்தடத்தின் மேல் போடப்பட்டது. அதன் ஏற்றம் அவ்வளவு சீராக இருப்பது தற்செயல் அல்ல. பாரம் ஏற்றிய மாடு மூச்சு முட்டாமல் இழுக்கக்கூடிய சரிவுக்கு மேல் எங்கும் போகாதபடி அமைத்த பாதை அது. சைக்கிளில் வருபவர்களுக்கு இன்று இந்தச் சாலை இதமாக இருப்பதும் அதனால்தான். போடியிலிருந்து சரக்கு ரயிலடிக்கும், அங்கிருந்து துறைமுகத்துக்கும், கப்பலில் இங்கிலாந்துக்கும் போனது.

இந்த ஏற்பாடு கால் நூற்றாண்டுகூட முழுதாக நிற்கவில்லை. 1924 ஜூலையில் கேரளத்தின் பல பகுதிகளை மூழ்கடித்த பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்றே மலையாளிகள் அதை இன்றும் குறிப்பிடுகிறார்கள். மலையில் பெய்த மழையில் சரிவுகள் உடைந்தன, மண்ணும் மரமும் அடைத்துத் தேங்கிய தண்ணீர் பாய்ந்து மூணாற்று நகரத்தைக் குலைத்தது, தண்டவாளம் பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. ரயிலை மறுபடி போடவில்லை. ரயில் ஓடிய தடத்தின் பெரும்பகுதி இன்று மூணாறு–டாப் ஸ்டேஷன் சாலையாக இருக்கிறது. சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் மாட்டுப்பட்டி, குண்டளை வழியே போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய ரயில் வளைவுகளில்தான் திரும்புகிறார்கள். மூணாற்றின் பழைய ரயில் நிலையக் கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று.

நான்கு ஆண்டுகளில், 1928-இல், போடிக்கே மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் ரயில் வந்தது. மலை விளிம்பு வரை வந்த ரயில் இருந்த காலத்தில் போடியில் ரயில் இல்லை; போடிக்கு ரயில் வந்தபோது மலையில் ரயில் இல்லை. இரண்டும் ஒரே காலத்தில் ஓடியிருந்தால் குரங்கணி ஒரு பெரிய சரக்கு ஊராக வளர்ந்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. மாறாக, மேற்கே மூணாற்றை ஆலுவாவுடன் இணைக்கும் சாலை சீரமைக்கப்பட்டது, 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது, லாரிகள் வந்தன. தேயிலையின் வாசல் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாறிவிட்டது. போடிமெட்டு மலைச்சாலை ஏலத்தோட்டங்களுக்கான முதன்மை வழியானது. கம்பிவடம் ஓய்ந்தது. அதன் அடித்தளங்களின் மிச்சங்களை இன்றும் மேலும் கீழும் பார்க்கலாம்.

இதே மலையுச்சியிலிருந்து கிழக்கே இன்னொரு வழியும் உண்டு. டாப் ஸ்டேஷனிலிருந்து வந்தரவு, பேரிஜம் வழியே கொடைக்கானலுக்குப் போகும் மண்சாலை அது. இரண்டாம் உலகப் போரில் சென்னையை ஜப்பானியர் தாக்கினால் வெள்ளையர் கொச்சிக்குத் தப்பிச் செல்வதற்காகப் பண்படுத்தப்பட்டது என்பதால் அதற்குத் தப்பும் சாலை என்றே பெயர் நிலைத்தது. இமயமலைக்குத் தெற்கேயுள்ள மிக உயரமான சாலைகளில் ஒன்று. சோலைகளும் புல்வெளிகளுமாக நீளும். 1990-இல் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. மேற்கு முனையிலிருக்கும் பாம்பாடும் சோலை 2003-இல் தேசியப் பூங்காவானது.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்ற தமிழர்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஒரே கம்பெனியின் ஒரே சரக்கு வழியாக இருந்தது இரண்டு மாநிலங்களுக்கு இடைப்பட்ட வழியாயிற்று. மலைமேல் லயங்கள் எனப்படும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் கேரளத்தின் குடிமக்களானார்கள். 2015 செப்டம்பரில் போனசுக்காக மூணாற்றுச் சாலையில் அமர்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துப் போராடிய பெம்பிளை ஒருமை அமைப்பின் தோட்டத் தொழிலாளப் பெண்களில் பெரும்பாலோர் இந்த ஏற்றங்களில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் முழக்கமிட்டது தமிழில். கீழேயிருந்து ஆட்கள் மேலே போவதும் நின்றுவிடவில்லை. விடியற்காலையில் போடியிலும் கம்பத்திலும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் கிளம்புகின்றன. சாலை வேறு, பயணம் அதேதான்.

குரங்கணி ஏற்றத்தில் எஞ்சியவர்கள் மலைக் கிராமத்தார். சென்ட்ரல், முட்டம், முதுவாக்குடி போன்ற ஊர்களில் காப்பி, மிளகு, இலவம் பஞ்சு, மா ஆகியவை விளைகின்றன. விளைச்சல் குதிரை, கோவேறு கழுதை மேல் இறங்குகிறது, மளிகை ஏறுகிறது. போடி சட்டமன்றத் தொகுதியின் சாலையில்லாத மலைக் கிராமங்களுக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை மேல் போகும் படத்தைச் செய்தித்தாள்கள் தவறாமல் போடுகின்றன. அந்தக் கிராமங்களில் உடம்பு முடியாதவரை இன்றும் டோலி கட்டித்தான் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது. நகரத்தாருக்குச் சாகசமாக இருப்பது அவர்களுக்கு ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வழி. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு மலையேற்றத்தைப் பற்றி எழுதுவது நியாயமாகாது.

2000-க்குப் பிறகு சென்னை, பெங்களூர், கோவை இளைஞர்கள் வார இறுதி மலையேற்றத்துக்கு வரத் தொடங்கினார்கள். குரங்கணி அவர்களுக்கு வாகாக அமைந்தது. இரவு பஸ்ஸில் கிளம்பினால் காலையில் போடி. ஒரே நாளில் வறண்ட அடிவாரம், காப்பித் தோட்டம், சோலை, புல்வெளி, முகில் எல்லாவற்றையும் கடந்துவிடலாம். பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை நீலக்குறிஞ்சி பூக்கும் மலை என்பதும் ஈர்ப்பு. டாப் ஸ்டேஷனோடு கொழுக்குமலையும் பட்டியலில் சேர்ந்தது. 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் தேயிலை விளையும் கொழுக்குமலை தமிழ்நாட்டு நிலம். ஆனால் வண்டிப்பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். அங்கிருந்து குரங்கணிக்கு இறங்கும் தடம் செங்குத்தான புல்சரிவுகள் வழியே போகிறது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சரிவில் தீப்பிடித்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு குழுவும் ஈரோடு–திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்த ஒரு குழுவும் கொழுக்குமலைப் பக்கத்திலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைத்தீ சமவெளித் தீயைப் போன்றதல்ல. வெப்பம் மேல்நோக்கிப் போவதால் சரிவில் மேலேயுள்ள புல் தீ தொடும் முன்பே காய்ந்து சூடேறிவிடும்; பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலெழும் காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். மேட்டை நோக்கி ஓடும் மனிதரைவிடத் தீ வேகமாக ஓடும். மார்ச் மாதத்தில் ஆள் உயரப் புல் முழுக்கச் சருகாகி நிற்கும் சரிவில் தடம் தெரியாதவர்கள் சிதறி ஓடினால் தப்ப வழியில்லை. முதலில் ஓடி வந்து தூக்கியவர்கள் குரங்கணிச் சுற்றுவட்டார மக்கள். இருட்டில், சாலையில்லாத சரிவில், போர்வையிலும் டோலியிலும் காயம்பட்டவர்களை இறக்கினார்கள். மறுநாள் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வந்தன.

சுமை தூக்கி நடந்தவர்கள் காலத்தில் இந்த வழிக்குப் பருவம் உண்டு. எந்தச் சரிவு எந்த மாதத்தில் எரியும், எங்கே தண்ணீர் வற்றாது, தீ வந்தால் எந்த ஓடைக்குள் இறங்குவது என்பதெல்லாம் தடத்தோடு சேர்ந்து தெரிந்திருந்தது. வழி புதியவர்கள் கைக்குப் போனபோது அந்த அறிவு கூடவே போகவில்லை. 2018-இன் பிற்பகுதியில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வெளியிட்டது. வழிகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என்று வகைப்படுத்தப்பட்டன. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. தீக்காலத்தில் வழிகளை மூடுவது வழக்கமானது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 வழிகள் இணையப் பதிவுக்குத் திறக்கப்பட்டன. குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரையிலான தடம் அவற்றில் ஒன்று. வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களும் அடிவார ஊர்க்காரர்களும்தான்.

போடிக்கு வந்த ரயிலுக்கும் இதற்குள் பல மாற்றங்கள். மீட்டர்கேஜ் பாதை 2010-இன் முடிவில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்டது. 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. சென்னையில் ஏறுபவர் இப்போது போடியில் இறங்கி, பழைய வண்டிச்சாலை வழியே பஸ்ஸில் குரங்கணி போகலாம். அதற்கு மேல் சென்ட்ரலுக்கு அரிசி மூட்டையும் காப்பிக் கொட்டையும் குதிரை மேல்தான் போய் வருகின்றன.